பாட்டுக்கு நடுவுல நாலு விநாடி

ரெண்டாவது தடவையும் அந்தக் கல்யாண வீடியோ காசெட்டு திரும்பி வந்துடுச்சு. வீடியோ கடை குப்புராஜுக்கு வந்த கோவத்துக்கு, அத அப்படியே வாங்கி தர்மபுரி பஸ் ஸ்டாண்டு சாக்கடையில வீசிடலாம்னு இருந்துச்சு. ஆனா கொண்டாந்தது அந்தக் கல்யாணத்து மாப்பிள்ளை. அதுவும் ஓசூர்ல கம்பெனி வேலையில இருக்கற மாப்பிள்ளை. இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டுல பேனா, மூஞ்சியில ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பக் கண்டாலே குப்புராஜுக்கு ஆகாது.

"உக்காருங்க செபாஸ்டின் சார். இப்ப என்னாங்க கோளாறு?"

"பெருசா ஒண்ணுமில்லீங்க. பந்தி எடத்துல, அந்த ரெண்டு பாட்டுக்கு நடுவுல, இன்னும் சத்தம் வருதுங்க."

எந்தச் சத்தம்னு குப்புராஜ் கேக்கல. கேக்க வேண்டிய அவசியமே இல்ல. ரெண்டு மாசமா அது அவனுக்குத் தூக்கத்துலயும் கேக்குது. நல்லம்பள்ளிக்குப் பக்கத்துல பொண்ணு வூட்டு வாசல்ல பந்தல் போட்டு பந்தி நடக்குது. பொண்ணோட அப்பா சவரிராயன், தோள்ல துண்டோட எலை வரிசைக்கு நடுவுல நின்னுக்கிட்டு, அதியமான்கோட்டை வரைக்கும் கேக்கற மாதிரி ஒரு கத்து கத்தறாரு: "டேய், கடைசி எலைக்கு உப்பு வெச்சீங்களாடா? உப்பு வெக்காம எவன்டா சோத்தக் கொட்டினது?" அவ்வளவுதான். அளந்து பாத்தா நாலு விநாடி வரும். அதுக்கு முன்னால ஒரு காதல் பாட்டு முடியுது, அதுக்குப் பின்னால இன்னொரு காதல் பாட்டு ஆரம்பிக்குது, நடுவுல இந்த உப்பு.

இது எப்படி வந்து மாட்டுச்சுன்னு சொன்னாத்தான் குப்புராஜோட வயித்தெரிச்சல் புரியும். எம்பத்தேழாம் வருசம் அது. கல்யாண வீடியோன்னா ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் பாட்டு ஓடணும். கல்யாணத்துல பேசினது, அழுதது, ஜெனரேட்டர் ஓடினது, கொழந்த கத்தினது எதுவும் யாருக்கும் வேணாம். பாட்டு இல்லாம குடுத்தா, "என்னாங்க, ஒரே எரைச்சலா இருக்குது?"ன்னு மூஞ்சியச் சுளிப்பாங்க. அதனால கேமராவுல எடுத்தத இன்னொரு காசெட்டுக்கு ஏத்திட்டு, அது மேல பாட்டு போடறது குப்புராஜோட வேலை. வீடியோ நாடாவுல படத்துக்கு அகலமா எடம் இருக்கும். சத்தத்துக்கு ஓரத்துல நூல் மாதிரி ஒரே ஒரு தடம். வீடியோ டெக்குல ஒரு பட்டன அமுக்கினா படம் அப்படியே இருக்கும், அந்த ஓரத் தடம் மட்டும் அழிஞ்சு பாட்டு ஏறும். கேக்கறதுக்கு சுலுவா இருக்குதில்ல? உக்காந்து செஞ்சு பாக்கணும். அப்பத் தெரியும் சங்கதி.

ஒரு பாட்டு முடிஞ்சா டெக்க நிறுத்தணும். டேப்பு ரெக்கார்டர்ல பாட்டுக் காசெட்ட மாத்தணும். அடுத்த பாட்டு எங்க இருக்குதுன்னு தேடிப் புடிச்சு, ரெண்டு மிசினையும் ஒரே நேரத்துல ஓட வெக்கணும். குப்புராஜுக்கு இருக்கறது ரெண்டே கை. அந்த டெக்கு இருக்குதே, அது ஒரு மொரட்டு ஜென்மம். நிறுத்தின எடத்துல நிக்காது, கொஞ்சம் நழுவித்தான் நிக்கும். அது நழுவின எடத்துல பழைய சத்தம் அழியாம அப்படியே ஒக்காந்திருக்கும். இந்தக் காசெட்டுல அப்படி நழுவின ஒரே எடத்துல, ஊரு ஒலகத்துல இருக்கற சத்தத்தையெல்லாம் விட்டுட்டு, சவரிராயனோட உப்பு வந்து ஒக்காந்துக்கிச்சு.

மொதத் தடவ திரும்பி வந்தப்ப, நாடாவ கொஞ்சம் பின்னுக்கு ஓட்டி, ரெண்டாவது பாட்ட முன்னாலயே ஆரம்பிச்சான். உப்பு போச்சு. கூடவே மொதப் பாட்டோட கடைசி ரெண்டு வரியும் போச்சு. அத மறுபடி ஏத்தப் போனப்ப, எங்கயோ மழ தூறுச்சுன்னு கரண்டு போச்சு. கரண்டு வந்ததும் பொண்ணு வூட்டுல போட்டுப் பாக்க அவசரம்னு ஆள் வந்து நின்னான். போங்கடான்னு கேமராவுல இருந்ததுலேர்ந்து புதுசா இன்னொரு காப்பி போட்டு, மறுபடி மொதல்லேர்ந்து பாட்டு ஏத்திக் குடுத்தான். இந்தத் தடவ நழுவாம பாத்துக்கிட்டான். பாத்துக்கிட்டும் என்ன பிரயோசனம்? டெக்கு மறுபடி கொஞ்சம் நழுவ, அந்தக் கத்தல்ல முன்பாதி அழிஞ்சு பின்பாதி நின்னுடுச்சு. காதல் பாட்டு முடிஞ்சதும், முன்னும் இல்லாம பின்னும் இல்லாம, "எவன்டா சோத்தக் கொட்டினது?"ன்னு வந்து நிக்குது. முழுசா இருந்தப்பவாவது உப்புக்குன்னு புரிஞ்சுது.

"பெங்களூர்லேர்ந்து கம்பெனி பிரண்ட்ஸுங்க வந்திருந்தாங்க" என்றான் செபாஸ்டின். "போட்டுக் காட்டினேன். சர்ச்சு, மோதிரம் எல்லாம் சூப்பருன்னாங்க. திடீர்னு எங்க மாமனாரு 'எவன்டா'ங்கறாரு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சுட்டாங்க. எனக்கு மானமே போச்சுங்க."

தட்டிக்கு அந்தப் பக்கம் அரிசி பொடச்சிக்கிட்டிருந்த கோவிந்தம்மாளுக்கு, குப்புராஜோட பொண்டாட்டிக்கு, வாய் சும்மா இருக்கல. "அந்த மனுசன் கடைசி எலைக்கு உப்பு இல்லன்னுதான கத்தினாரு? அதுல என்னா மானம் போவுதாமா?"

"நீ சும்மா இரு" என்று குப்புராஜ் அவள அடக்கினான். அவனுக்கு அப்ப வேணுங்கறது நியாயம் இல்ல. இந்தக் காசெட்டு இனிமே இந்தக் கடைக்குத் திரும்பி வரக்கூடாது. அவ்வளவுதான்.

செபாஸ்டின் எந்திரிக்கறப்ப ஒண்ணு சொன்னான். "ஆனா கார்ல ஏறுற எடத்துல போட்டீங்களே ஒரு பாட்டு, அருமைங்க. எங்கம்மாவே அழுதுட்டாங்க." குப்புராஜுக்குக் கொஞ்சம் மனசு எளகுச்சு. அந்தச் சோகப் பாட்டுக்கு அவன் அரை நாள் அலைஞ்சிருந்தான்.

மறுநாளு காலையில மைக் செட்டு கருப்பண்ணன் கடைக்குப் போயி, ரெண்டு காசெட்டு போடற பெரிய டேப்பு ரெக்கார்டர கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வந்தான். ரெண்டு பாட்டையும் மொதல்ல ஒரே காசெட்டுல இடுக்கு இல்லாம ஒட்டிக்கிட்டான். அப்புறம் டெக்க ஓடவுட்டு, எங்கயும் நிறுத்தாம ஒரே மூச்சுல ஏத்தினான். மூச்ச அடக்கிக்கிட்டு அந்த எடத்தப் போட்டுப் பாத்தான். டிவியில சவரிராயன் கையத் தூக்கறாரு, வாயத் தொறக்கறாரு, உள்ளேர்ந்து ஒரு பொம்பள கொரலு ராகமா வருது. ஒட்டுப் போட்ட எடமே தெரியல! "அடி சக்க!"ன்னு தொடையத் தட்டிக்கிட்டு குதிச்சான். கோவிந்தம்மாளக் கூப்பிட்டு மூணு தடவ போட்டுக் காட்டினான்.

காசெட்டு ஓசூருக்குப் போச்சு. திரும்பி வரல. ஒரு வாரம், ஒரு மாசம், மூணு மாசம். குப்புராஜ் அந்தக் கல்யாணத்தையே மறந்துட்டான்.

மாசி மாசம் ஒரு மத்தியானம் பாக்கியமேரி வந்தா. சவரிராயனோட பொண்ணு, செபாஸ்டினோட சம்சாரம். கையில வயர் கூடை. கூடையில அதே காசெட்டு. அதப் பாத்ததுமே குப்புராஜுக்கு உச்சி சூடேறிடுச்சு.

"இங்க பாரும்மா, என்னால இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது. சுத்தமாப் பண்ணிக் குடுத்தேன். ஒரு சின்ன ஓட்டை கெடையாது. உன் வூட்டுக்காரருக்குப் புடிக்கலன்னா வேற ஆளப் பாக்கச் சொல்லு."

"அண்ணா, எங்கப்பா செத்துட்டாரு" என்றாள் அவள். "நாப்பது நாளு ஆச்சு. மாரு வலின்னாரு, பெரியாஸ்பத்திரிக்கு வர்றதுக்குள்ள போயிட்டாரு."

குப்புராஜ் எந்திரிச்சான். ஸ்டூல இழுத்துப் போட்டான். கோவிந்தம்மா ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்து குடுத்துட்டு, புருசனப் பாத்து ஒரு மொறை மொறைச்சுட்டு அங்கயே நின்னுக்கிட்டா.

"அந்தப் பந்தியில உப்புக்குக் கத்துவாரேண்ணா, அது வேணும். மொதத் தடவ எங்க வூட்டுல டெக்கு வாடகைக்கு எடுத்துப் பாத்தப்ப இருந்துச்சு. தெருவே கைதட்டிச் சிரிச்சுது. அவரும் சிரிச்சாரு. இப்ப போட்டுப் பாத்தா பாட்டுதான் வருது. அந்தப் பாட்ட மட்டும் எடுத்துட்டா அடியில அவரு கொரலு இருக்குமில்ல?"

"இருக்காதும்மா."

"கொஞ்சமா இருந்தாக்கூடப் போதும்ணா. சன்னமாக் கேட்டாலும் பரவால்ல."

"செவுத்துச் சுண்ணாம்பு மாதிரி மேல மேல பூசறது இல்லம்மா இது. இருக்கறது ஒரே தடம். ஒண்ணு ஏறினா இன்னொண்ணு அழிஞ்சே போயிடும். அடியில ஒண்ணும் இருக்காது."

அவளுக்கு அது ஏறல. ஒரு மனுசனோட சத்தத்து மேல பாட்டப் போட்டா, அந்த மனுசன் எங்க போவான்? குப்புராஜ் மறுபடி சொன்னான். டெக்கத் தொறந்து காட்டாத குறையா, விரல நாடா மாதிரி ஓட்டிக் காட்டிச் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே எரிச்சல் மண்டைக்கு ஏறுச்சு. அவ மேல இல்ல. ஒட்டே தெரியலன்னு தொடையத் தட்டிக்கிட்டு குதிச்ச அந்த மடையன் மேல.

"வூட்டுல போட்டோ இருக்குதுண்ணா" என்றாள் பாக்கியமேரி. "ஞானஸ்நானத்துக்கு எடுத்தது, கல்யாணத்துல எடுத்தது, எல்லாம் இருக்குது. கொரலுதான் எங்கயும் இல்ல. எனக்கு இப்பவே மறந்து போற மாதிரி இருக்குது. அவரு எப்பிடிக் கத்துவாருன்னு அம்மாகிட்ட பேசிக் காட்டச் சொன்னேன். அம்மாவுக்கு வரல."

கோவிந்தம்மா முந்தானையால கண்ணத் தொடச்சா. "கேமராவுல எடுத்தீங்களே, அந்தக் காசெட்டு எங்கன்னு பாருங்களேன்" என்றாள் புருசன்கிட்ட.

அது நியாயந்தான். கேமராவுல எடுத்தது பாட்டு போடாத பச்சைக் காசெட்டு. அதுல எல்லாச் சத்தமும் இருக்கும். குப்புராஜ் அலமாரிய அலசினான். பன்னெண்டு காசெட்டு இருந்துச்சு. ஒவ்வொண்ணா முதுகத் திருப்பிப் பாத்தான். ஏழாவது காசெட்டுல 'நல்லம்பள்ளி கல்யாணம்'னு எழுதி, அத அடிச்சுட்டு, அதுக்குக் கீழ 'ஏரியூர் காதுகுத்து'ன்னு எழுதியிருந்துச்சு. அவனோட கையெழுத்துதான். பச்சைக் காசெட்டு மேலயே அடுத்த விசேசத்த எடுக்கறது அவனோட வழக்கம். அவன் மட்டுமில்ல, எல்லாக் கடையிலயும் அதுதான் வழக்கம். ஆனா அந்த நிமிசம் குப்புராஜுக்கு வழக்கமாவது ஒண்ணாவது! தலையில தலையில அடிச்சுக்கிட்டான்.

"இதுலயும் போச்சாண்ணா?"

"போட்டுப் பாத்துடலாம்மா" என்றான். நம்பிக்கை இருந்து சொல்லல. அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியாம சொன்னான்.

போட்டான். ஏரியூர்ல யாரு வூட்டுக் கொழந்தையோ மாமன் மடியில ஒக்காந்துக்கிட்டு ஊரக் கூட்டுது. வேகமா ஓட்டினான். பந்தி வந்துச்சு, ஆனா வேற பந்தி. மொய் எழுதறாங்க. பொம்பளைங்க வரிசையா நின்னு கேமராவப் பாக்கறாங்க. பாக்கியமேரி முன்னுக்குக் குனிஞ்சு, யாரு யாரோ சொந்தக்காரங்களையெல்லாம் கண்ணு கொட்டாம பாத்துக்கிட்டிருந்தா. ஒரு மணி நேரத்துக்கு எடுத்த எடம் போச்சு, ரெண்டு மணி நேரத்துக்கு எடுத்தது போச்சு. அப்புறம் வானம் இருட்டிக்கிட்டு வந்துச்சு, ஆளுங்க பாத்திரத்தத் தூக்கிக்கிட்டு ஓடறாங்க. குப்புராஜுக்கு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கு மழ புடிச்சுக்கிச்சுன்னு அவன் பாதியிலயே கேமராவ மூட்ட கட்டிட்டான்.

திரையில கோடு கோடா ஓடுச்சு. படம் குலுங்குச்சு. குலுங்கி நின்னப்ப, நல்லம்பள்ளிப் பந்தல் வந்துச்சு.

"அய்யோ, எங்க வூடு!" என்று கத்திட்டா பாக்கியமேரி.

மூணு மணி நேரக் காசெட்டுல காதுகுத்து முழுங்கினது போக, வாலு மிச்சம் இருந்துச்சு. பந்தி போயிடுச்சு, உப்பு போயிடுச்சு. ஆனா பொண்ண அனுப்பி வெக்கற எடம் அப்படியே இருந்துச்சு. சத்தத்தோட! குப்புராஜ் பாட்ட ஏத்தி ஏத்தி, அந்தச் சத்தத்த கேட்டதே இல்ல. பொம்பளைங்க அழுவறாங்க. கார் இஞ்சின் உறுமிக்கிட்டு நிக்குது. யாரோ, "ட்ரங்கு பொட்டி எங்கடா, ட்ரங்கு பொட்டி"ன்னு தேடறாங்க. வண்டிக்குள்ள பாக்கியமேரி மூக்க உறிஞ்சறது கூடக் கேக்குது.

"இந்த எடந்தாண்ணா" என்றாள் அவள், டிவிக்கு இன்னும் கிட்ட வந்து. "இங்க அப்பா சன்னல்கிட்ட வருவாரு. ஏதோ சொல்ல வர்ற மாதிரி குனிவாரு. அப்புறம் ஆளக் காணோம். நான் அழுதுக்கிட்டிருந்தேன், எனக்கு ஒண்ணும் கேக்கல. காசெட்டுல பாத்தா அங்க பாட்டு ஓடுது. அழுகை தாங்காம போயிட்டாருன்னு வூட்டுல எல்லாரும் சொல்லிக்கிட்டிருக்கோம்."

சவரிராயன் வந்தாரு. கூட்டத்தத் தள்ளிக்கிட்டு, தோள் துண்ட கையில சுருட்டிப் புடிச்சுக்கிட்டு, கார் சன்னல்ல குனிஞ்சாரு. கேமராவுக்கும் அவருக்கும் ஒரு முழந்தான் இருக்கும். படம் பூரா அவரு முதுகுதான்.

"பாப்பா" என்றாரு. கத்தல. அந்த மனுசனுக்கு இப்படி ஒரு கொரலு இருக்குதான்னு குப்புராஜ் அதிசயப்பட்டான். "பாப்பா, அந்த..."

அதுக்குள்ள இன்னொரு கொரலு, மைக்குக்குப் பக்கத்துலயே நின்னு கத்தின மாதிரி, டிவியே அதிர வந்துச்சு. "பெரியவரே! தள்ளுங்க, தள்ளுங்க! பொண்ணு மறையுது!"

குப்புராஜோட கொரலு.

சவரிராயன் திரும்பிப் பாத்தாரு. அன்னிக்கு முழுக்க சமையக்காரன், பந்தல்காரன், சொந்த மச்சான்னு ஒருத்தர் விடாம டேய் போட்ட மனுசன், கேமராவ ஒரு மாதிரி பயந்து பாத்துட்டு, "ஆங்... சரிங்க தம்பி. சரிங்க, சரிங்க" என்றாரு. அப்படியே பின்னாலயே நடந்து படத்த விட்டு வெளிய போயிட்டாரு. சன்னல்ல பொண்ணு மூஞ்சி தெளிவாத் தெரிஞ்சுது. கார் கெளம்புச்சு.

குப்புராஜுக்கு பூமி பொளந்தா உள்ள போயிடலாம்னு இருந்துச்சு. பாட்டப் போட்டு அழிச்சது அப்புறம். அதுக்கு முன்னாலயே, அந்த மனுசன் உயிரோட நின்னப்பவே, அவரு வாய இவன் அடைச்சிருக்கான்!

பாக்கியமேரி இன்னொரு தடவ போடச் சொன்னா. போட்டான். மறுபடியும் சொன்னா, மறுபடியும் போட்டான். மூணாவது தடவ 'சரிங்க தம்பி' வந்தப்ப அவ வாய்க்குள்ளயே அதச் சொல்லிப் பாத்தா.

"அம்மா, என்ன மன்னிச்சுடு" என்றான் குப்புராஜ். "நான் கத்தின எடத்த மட்டும் அழிச்சுப் பாக்கலாம். ஆனா இந்தப் பாழாப்போன டெக்கு சொன்ன எடத்துல நிக்காது. எங்கொரல அழிக்கப் போனா, அவரு 'சரிங்க'ன்னு சொல்றதையும் சேத்து முழுங்கிடும். ரெண்டும் ஒரே தடத்துலதான் இருக்குது."

"ஒண்ணும் பண்ணாதீங்கண்ணா. இருக்கட்டும்" என்றாள் அவள். "நீங்க சொன்னதுக்குத்தான அவரு பதில் பேசறாரு? நீங்க இல்லன்னா, அவரு யாருகிட்டப் பேசறாருன்னே தெரியாது." அப்புறம் கொஞ்சம் யோசிச்சுட்டு, "பாட்டு மட்டும் போட்டுடாதீங்க" என்றாள்.

காப்பி எடுத்தா சத்தம் மங்கிடும்னு, அந்தப் பச்சைக் காசெட்டையே அவகிட்டக் குடுத்துடலாம்னு முடிவு பண்ணினான். ஏரியூர் காதுகுத்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடும், அப்புறந்தான் அவங்கப்பா வருவாரு. எவ்வளவு ஓட்டணும்னு டெக்கு நம்பரப் பாத்து ஒரு சீட்டுல எழுதி அட்டைக்குள்ள செருகினான். வீடியோ காசெட்டோட முதுகுல சின்னதா ஒரு பிளாஸ்டிக்கு நாக்கு இருக்கும். அத ஒடிச்சுட்டா, அதுக்கு மேல யாரும் எதையும் பதிய முடியாது. எந்தக் காசெட்டுக்கும் குப்புராஜ் அத ஒடிச்சதில்ல. ஒடிச்சா அடுத்த விசேசத்துக்கு அது ஆகாது. ஸ்க்ரூ டிரைவர வெச்சு நெம்பினான். டக்குன்னு ஒடிஞ்சு விழுந்துச்சு.

பாக்கியமேரி ரெண்டு காசெட்டையும் கூடையில வெச்சு, மேல ஒரு துண்டப் போட்டு மூடினா. படியில எறங்கினவ நின்னு திரும்பினா.

"அண்ணா, 'அந்த'ன்னு ஆரம்பிச்சாரே. அதுக்கு மேல என்ன சொன்னாரு? நீங்கதான அவருக்குப் பக்கத்துல நின்னீங்க. எங்க யாருக்கும் கேக்கல. உங்களுக்குக் கேட்டிருக்குமே?"

குப்புராஜ் யோசிச்சுப் பாத்தான். கேமராவுக்குள்ள ஒத்தக் கண்ண வெச்சுக்கிட்டு, முதுகு மறைக்குதே மறைக்குதேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னதுதான் ஞாபகம் வந்துச்சு. வேற ஒண்ணுமே வரல.

"கேக்கலம்மா" என்றான். "நான் படத்தத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அவ தலைய ஆட்டிட்டு, ஓசூர் பஸ்ஸு நிக்கற பக்கம் நடந்தா.